யாரு விட்டது?

உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மதுரையில இருந்து இவ்வளவு தூரம் வந்து, ஊருல இத்தனை பேரு இருக்க, வானத்துல போன அந்த நெருப்பைப் பத்தி எங்கிட்டக் கேக்கச் சொல்லி யாரு அனுப்பிவிட்டது? முக்குல இருக்கிற டீக்கடையிலயா? சிரிச்சிக்கிட்டே சொல்லியிருப்பானுகளே. "தனுஷ்கோடி அண்ணாச்சியைப் பாருங்க, அவருதான் நல்லாப் பாத்தாரு"ன்னு. ஆமா, பாத்தேன். நான் பாத்த மாதிரி இந்த ஜில்லாவுலயே யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

எந்தத் திசையில இருந்து எந்தத் திசைக்குப் போச்சுன்னு கேக்குறீங்க. சொல்றேன். மொதல்ல நான் யாருன்னு சொல்லிருறேன், அப்பத்தான் நான் எவ்வளவு பெரிய கோமாளின்னு உங்களுக்கு விளங்கும்.

நான் பயராபீஸ்ல போர்மேன். வெளியூர்க்காரங்க பட்டாசுத் தொழிற்சாலைம்பீங்க, சிவகாசியில அதுக்குப் பேரு பயராபீஸ்தான். பேன்சி ரகம் இருக்குல்ல, மேல போயிப் பூவா விரியுமே, அதுக்குள்ள வைக்கிற மணி மருந்து கலக்குறது என் வேலை. மீசை மொளைச்ச நாள்ல இருந்து இதே வேலை. நிறத்தைப் பாத்தே மருந்தைச் சொல்லிருவேன். சாயங்காலம் மொட்டை மாடியில நின்னுக்கிட்டு, "அந்தா பாரு, அது வெம்பக்கோட்டை ரோட்டு ஆளு விட்டது, அலுமினியம் கூடிப் போச்சு"ம்பேன். எங்க வீட்டம்மா ஜெயக்கொடி கொடியில துணி எடுத்துக்கிட்டே "ம்"ம்பா. அந்த "ம்" இருக்கே, அதை நான் பாராட்டுன்னு நெனச்சிக்கிட்டுத்தான் இத்தனை வருசம் ஓட்டியிருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லணும். வேற ஊருல வானத்துல ஒரு வெளிச்சம் தெரிஞ்சா, "ஐயோ, என்னது அது"ம்பாங்க. சாமிம்பாங்க, பேயிம்பாங்க, பறக்கும் தட்டும்பாங்க. எங்க ஊருல அப்படி ஒருத்தன் கேக்க மாட்டான். "யாரு விட்டது"ன்னுதான் கேப்பான். மேல எது எரிஞ்சாலும் கீழ இருந்து ஒருத்தன் பத்த வச்சிருக்கணும், அவனுக்கு ஒரு கம்பெனி இருக்கணும், அந்தக் கம்பெனிக்கு ஒரு லேபிள் இருக்கணும். அப்படியே வளந்துட்டோம். நிலா கொஞ்சம் செவப்பா வந்தாக்கூட எவன் சரக்குன்னு யோசிக்கிற ஊரு மேடம் இது.

அதனால இந்தத் தப்பை நான் மட்டும் பண்ணலை. இதையும் எழுதிக்கோங்க. மறுநாள் காலையில டீக்கடையில இதான் பேச்சு. ஒருத்தன் சாத்தூர்க்காரன் விட்டதுங்கிறான், ஒருத்தன் சைனாச் சரக்கு திருட்டுத்தனமா எறங்கியிருக்குங்கிறான். ஒரு பய வானத்தைச் சந்தேகப்படலை. ஆனா மத்தவனெல்லாம் தப்பாச் சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டான். நான் தப்பாச் சொன்னதோட நிக்கலை.

சரி, திசை. போன வாரம் அன்னைக்குச் சாயங்காலம் நல்லா இருட்டிருச்சு, ஆனா டிவியில இன்னும் சீரியல் ஆரம்பிக்கலை. ஜெயக்கொடி வத்தல் எடுக்கச் சொல்லி என்னை மாடிக்கு அனுப்பியிருந்தா. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருந்து ஒரு வெளிச்சம் ஏறி வருது. மெதுவா வருது மேடம். விமானம் மாதிரி மெதுவா. தலை நல்ல ஆரஞ்சு. பெறகு அது உடையுது. ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசை வச்சுப் போகுது. ஒவ்வொண்ணுக்கும் வாலு. அந்த வாலுல, ஓரத்துல, பச்சை. சத்தமே இல்லை. அப்படியே தலைக்கு மேல போயி சாத்தூர்ப் பக்கம் எறங்கி மறைஞ்சிருச்சு.

எவ்வளவு நேரம்னா? வத்தல் தட்டைக் கையில வச்சுக்கிட்டு வாயைப் பொளந்து நின்னேன், அவ்வளவு நேரம். பாதி வத்தல் கீழ கொட்டிருச்சு, அதுக்குத் தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இப்ப நீங்க சொல்லுங்க, அதைப் பாத்த மனுசன் என்ன நெனைக்கணும்? கடவுளேன்னு கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடப்பாவி, இது எம் பச்சை"ன்னேன்.

சிரிங்க மேடம், சிரிங்க. ஊரே சிரிச்சிருச்சு.

விசயம் என்னன்னா, முன்னால பச்சை நிறத்துக்குப் பச்சை உப்பு போடுவோம், நீங்க பேரியம்பீங்க. அதைப் போடக் கூடாதுன்னு கோர்ட்டுல சொன்ன பெறகு எங்க எல்லாருக்கும் பச்சை வெளுத்துப் போச்சு. வாழைக் குருத்து மாதிரி ஒரு நிறம் வரும், அதைப் பச்சைன்னு சொல்லி வித்துக்கிட்டிருந்தோம். நான் விடலை. அந்த உப்பு இல்லாம வேற வழியில பச்சை கொண்டு வரணும்னு மெனக்கெட்டேன். ஆரஞ்சுத் தலை, பச்சை வாலு, மெதுவா எறங்கணும். இதான் என் கனவு. விட்டுப் பாக்குறப்ப எல்லாம் பாதி தூரத்துல அணைஞ்சு போயிரும். இதை மொதலாளிகிட்டக்கூடச் சொல்லலை. ஒரே ஒரு ஆளுகிட்டத்தான் சொல்லியிருந்தேன்.

எங்க மாப்பிள்ளை வேல்ச்சாமிகிட்ட. என் தங்கச்சி மாரிக்கனி வீட்டுக்காரரு. திருத்தங்கல்ல வீடு. அவரும் போர்மேன்தான், வேற கம்பெனி. ஒரு ஞாயித்துக்கிழமை கறிக்கொழம்பு சாப்பிட்டுட்டு, வெத்தலை போட்டுக்கிட்டு, மனசு குளுந்து போயி எல்லாத்தையும் சொன்னேன். அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அதிகம் பேச மாட்டாரு. நல்ல மனுசன்தான், ஆனா பேசாத மனுசனை எப்படி மேடம் நம்புறது? என்னைப் பாருங்க, மனசுல இருக்கிறதெல்லாம் வாயில இருக்கும்.

அதான், மேல பச்சை வாலைப் பாத்ததும் கணக்குப் போட்டுட்டேன். நான் சொன்ன ஒரே ஆளு அவரு. அவரு வேலை பாக்குற ஆபீஸு அந்தா அந்த மேக்கால பக்கம். வெளிச்சம் வந்ததும் அங்கிட்டு இருந்துதான். வேற என்ன சாட்சி வேணும்?

ஜெயக்கொடி மேல ஏறி வந்துட்டா. "ஏங்க, வெடின்னா மேல போயிக் கீழ வரும். இது சாத்தூர் வரைக்கும் போகுதே"ன்னா. நியாயமான கேள்வி. ஒரு போர்மேனா நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதுக்கும் பதில் வச்சிருந்தேன். "ரோட்டு ஓரமா ஊரு ஊருக்குக் குழாய் நட்டு, ஆளு நிறுத்தி, ஒண்ணு அணையிறப்ப அடுத்ததை விட்டிருக்காங்க. தூரத்துல இருந்து பாத்தா ஒரே கோடாத் தெரியும்"னேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து சாத்தூர் வரைக்கும்! எத்தனை லாரி, எத்தனை ஆளு! எங்க மாப்பிள்ளை ஒரு காதுகுத்துக்குப் பந்தல் போடவே நாலு நாள் யோசிக்கிற மனுசன். ஆனா வயிறு எரியிறப்ப இதெல்லாம் தோணுமா?

"சத்தமும் வரலையே"ன்னா. "அதான் அவரு புதுசாக் கண்டுபிடிச்சது"ன்னேன். அதுல ஒரு கடுப்பு வேற. நிறம் என்னுது, சத்தமில்லாத வித்தை அவரோடது. திருடுனது மட்டும் இல்லாம, என்னைத் தாண்டியும் போயிட்டாரேன்னு.

அங்கனயே போனை எடுத்தேன். ஜெயக்கொடி கையைப் பிடிச்சா, "காலையில பேசிக்கலாம்"னா. கேட்டனா? அவரு எடுத்ததும், ஹலோ சொல்ல விடலை. "மாப்ள, எம் பச்சையைத் திருடிட்டீங்கள்ல"ன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. "என் கையால ஆக்கிப் போட்ட மாதிரி எல்லாத்தையும் சொன்னேனே, தின்ன எடத்துலயே கொள்ளி வச்சிட்டீங்களே"ன்னேன். இன்னும் சொன்னேன். அதை எல்லாம் உங்ககிட்டச் சொல்ல முடியாது, பொம்பளையாளு நீங்க. கடைசியா ஒண்ணு சொன்னேன். "இனி உங்க வாசலை மிதிக்க மாட்டேன், உங்க புள்ளைக்கு மடி வேற எங்கயாவது தேடிக்கோங்க"ன்னுட்டேன்.

அதான் மேடம் வெனையாப் போச்சு.

காதுகுத்துன்னா தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். மதுரையிலயும் அப்படித்தான? மாரிக்கனிக்கு ரொம்ப வருசம் புள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, பாக்காத டாக்டர் இல்லை. பெறகு பொறந்த ஒத்தைப் பொம்பளைப் புள்ளை. பேரு ஏதோ தியாஷினியோ தியானிஷாவோ, கம்ப்யூட்டர்ல பாத்து வச்சது, எனக்கு இன்னும் வாயில வரலை. நான் குட்டின்னுதான் கூப்பிடுவேன். அதுக்கும் நான் கூப்பிட்டாத்தான் ஓடி வரும். வந்ததும் என் விரலை மோந்து பாக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் இந்தக் கையில மருந்து வாசம் போகாது, அதுக்கு அந்த வாசம் புடிக்கும். எங்களுக்கும் புள்ளை இல்லை மேடம். அது மடியில உக்காந்தா எனக்கு ஒண்ணுமே வேண்டாம்.

அதோட காதுகுத்து நாளைக்கழிச்சு. குலதெய்வம் கோயில்ல.

நெருப்பைப் பாத்த மறுநாள் மத்தியானமே பேப்பர்ல வந்துருச்சு. ஏதோ ஒரு வெளிநாட்டு ராக்கெட்டோட பழைய துண்டு, மேல சுத்திக்கிட்டுக் கெடந்தது, காத்துக்குள்ள வந்து எரிஞ்சிருச்சுன்னு. கேரளாவுல பாத்திருக்கான், கம்பத்துல பாத்திருக்கான், ராமநாதபுரத்துல பாத்திருக்கான். அத்தனை பேரும் பாத்திருக்காங்க, அதைப் பாத்து மாப்பிள்ளை மேல பாஞ்சவன் நான் ஒருத்தன். ராக்கெட்டு எரிஞ்சதுக்கு வயிறு எரிஞ்ச ஒரே ஆளு! ஜெயக்கொடி பேப்பரைப் படிச்சிட்டு என் மூஞ்சியைப் பாத்தா. "அந்த நாட்டுக்காரனுக்கும் ஒரு போனைப் போடுங்க, உங்க பச்சையை எப்படி எடுத்தான்னு கேளுங்க"ன்னா. தெருவுல சின்னப் பயலுக என்னை ராக்கெட் தாத்தாங்கிறானுக. தாத்தாங்கிறதுதான் எனக்கு ஆத்திரம், ராக்கெட் கூடப் பரவாயில்லை.

ஆமா மேடம், நீங்க கேக்குறது புரியுது. தப்புன்னு தெரிஞ்சதும் போயி ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. என் கண்ணு தப்பு, ஒத்துக்கிறேன். எங்க வேணாலும் நின்னு ஒத்துக்கிறேன். இப்படி ஒரு குருட்டுப் போர்மேன் ஒலகத்துலயே கிடையாதுன்னு போஸ்டர் அடிச்சு ஒட்டுங்க, கீழ கையெழுத்துப் போடுறேன். ஆனா அவரு பக்கம் ஒரு தப்பும் இல்லையா? நான் அத்தனை பேச்சுப் பேசுறேன். ஒரு மனுசன் திருடலைன்னா என்ன சொல்லணும்? "மச்சான், நான் திருடலை"ன்னு சொல்லணுமா இல்லையா? ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதோட நிறுத்தியிருப்பேன், மடிப் பேச்சு வந்திருக்காது. பேசாம கேட்டுட்டு வச்சிட்டாரு. அப்ப என்னை அவ்வளவு பெரிய தப்புப் பண்ண விட்டது யாரு? யோசிச்சுப் பாருங்க. வயசுல பெரியவன் நான், நானாப் போயி நிக்க முடியுமா?

முந்தாநாள் மாரிக்கனி மட்டும் வந்தா, வெத்தலை பாக்குத் தட்டோட. தாய்மாமனைக் கூப்பிடுறதுன்னா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வரணும். அதான் மொறை. தட்டை வாங்கிக்கிட்டேன், தங்கச்சி இல்லையா. "மாப்பிள்ளை வந்து கூப்பிட்டா வர்றேன்"னேன். அவ அழுதுட்டா. "நீ பேசுன பேச்சுக்குப் பெறகு அவரு எப்படிண்ணே வருவாரு? நீ வரலைன்னா காசிலிங்கத்தைத்தான் உக்காரச் சொல்லணும்"னா. காசிலிங்கம் எங்க சித்தப்பா மகன். கோயம்புத்தூர்ல இருக்கான். அந்தப் புள்ளை அவன் மூஞ்சியைக்கூடப் பாத்ததில்லை. ஆசாரி ஊசியை எடுக்கிறப்ப, தெரியாதவன் மடியில உக்காந்து அது எப்படிக் கதறும்னு ராத்திரியெல்லாம் எனக்குக் காதுல கேக்குது. தூங்கி நாளாச்சு மேடம். இருந்தாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

ஜெயக்கொடி, மேடத்துக்குக் காப்பி கொண்டா. அவ வர மாட்டா. ஒரு வாரமா எங்கூடச் சரியாப் பேசுறதில்லை. சோறு மட்டும் வரும்.

இங்க பாருங்க, எனக்கு ஒரு யோசனை. நீங்க காலேஜ்ல வானத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறவங்க. எங்கெங்க இருந்து பாத்தாங்கன்னு கேட்டுத்தான் அது போன பாதையைக் கணக்குப் போடுறதாச் சொன்னீங்க. நீங்க போற வழியில திருத்தங்கல்ல எறங்கி, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். "இந்த மாதிரி நெருப்பைப் பாத்தா பெரிய பெரிய படிச்ச ஆளுகளே ஏமாந்து போவாங்க, உங்க மச்சான் மேல குத்தமில்லை"ன்னு. நீங்க சொன்னா எடுபடும். அவரும் வந்து கூப்பிடுவாரு, நானும் போயி உக்காருவேன். நான் எறங்கின மாதிரியும் ஆகாது.

என்னது? வர்ற வழியிலயே அவரைப் பாத்துட்டுத்தான் வர்றீங்களா?

அட, அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? அவருதான் எம் பேரைச் சொன்னாரா? டீக்கடை இல்லையா? என்ன சொன்னாரு? கிழிகிழின்னு கிழிச்சிருப்பாரே. எங்கிட்டப் பேசாததை எல்லாம் சேத்து வச்சு உங்ககிட்டக் கொட்டியிருப்பாரு. சும்மா சொல்லுங்க மேடம், நான் தாங்குவேன். என்னை நானே இவ்வளவு திட்டிட்டேன், அவரு புதுசா என்னத்தைச் சொல்லிரப் போறாரு?

போன்ல பதிஞ்சு வச்சிருக்கீங்களா? போடுங்க. ஒண்ணும் தப்பில்லை, போடுங்க. அவரு கெட்டதா ஒண்ணும் சொல்லலைன்னா பெறகு என்ன?

ஆமா, அவரு கொரல்தான். கொஞ்சம் சத்தமா வைங்க.

என்ன சொல்றாரு? "ஆரஞ்சுத் தலை, பச்சை வாலு." ஆமா, சரியாத்தான் பாத்திருக்காரு. போர்மேன் கண்ணுல்ல. ம். ம்.

நிறுத்துங்க. இப்ப என்ன சொன்னாரு? திருப்பிப் போடுங்க, எனக்குச் சரியாக் கேக்கலை.

"எங்க மச்சான் விட்டதுன்னு நெனச்சேன்."

மச்சான்னா நாந்தான் மேடம். என்னையத்தான் சொல்றாரு. போடுங்க, போடுங்க.

"எங்க மச்சான் விட்டதுன்னு நெனச்சேன் மேடம். இந்தப் பச்சைக்காக ரொம்பப் பாடுபட்டாரு. முடிச்சிட்டாருன்னு நெனச்சேன். தெருவுல எல்லாத்தையும் கூப்பிட்டேன். பாருங்கய்யா, எங்க மச்சான் வேலையைப் பாருங்கய்யான்னு காட்டுனேன். புள்ளையைத் தோள்ல தூக்கி வச்சு, உங்க மாமா விட்டதுன்னு சொன்னேன். அது கையைத் தட்டுச்சு. ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லுவோம்னு போனைக் கையில எடுத்தேன். அதுக்குள்ள அவரே கூப்பிட்டுட்டாரு."

கொஞ்சம் இருங்க மேடம்.

பெறகு நீங்க அவருகிட்டக் கேட்டிருக்கீங்க, "உங்க மச்சான் என்ன சொன்னாரு"ன்னு. உங்க கொரல் கேக்குது. அதுக்கு அவரு என்ன பதில் சொன்னாரு? போடுங்க. போட்டுருங்க, கேட்டுர்றேன்.

"அவரும் பாத்தேன்னு சொன்னாரு மேடம்."

அவ்வளவுதானா? இதுக்கு மேல ஒண்ணும் இல்லையா? நீங்க ஏதும் அழிச்சிடலையே?

அவரும் பாத்தேன்னு சொன்னாரு. நான் பேசுன அத்தனை பேச்சுக்கும், வெளியாள் வந்து கேக்குறப்ப, அவரு வெளிய விட்டது இவ்வளவுதான். நான் என்னடான்னா நீங்க உக்காந்ததும் உக்காராததுமா எங்க வீட்டுக் கதையை எல்லாம் உங்க காதுல கொட்டிட்டேன். அதே நெருப்புதான் மேடம். நான் இங்க மாடியில நின்னு பாத்தேன், அவரு அங்க தெருவுல நின்னு பாத்தாரு. ஒண்ணும் இல்லை, கண்ணு கரிக்குது. வத்தல் வறுக்கிறா போல.

ஜெயக்கொடி! அந்த வெள்ளைச் சட்டையை எடு. காப்பி வேண்டாம், சட்டையை எடு. நீ கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கன்னு எனக்குத் தெரியும், வெளிய வா. கூப்பிட ஆளு வரட்டும்னு இனிமே இருக்க முடியாது. வாசல்ல நின்னு அவரு என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அதான் பயமா இருக்கு.

மேடம், நான் பேசுனதும் அதுல பதிஞ்சிருக்கும்ல? அதை அழிச்சிருங்க. சிவகாசியில தனுஷ்கோடின்னு ஒருத்தர், அவரும் பாத்தாருன்னு மட்டும் வச்சுக்கோங்க. திசையை வேணா எடுத்துக்கோங்க, அது மட்டும் நிசம்.

மதுரைக்குத் திருத்தங்கல் வழியாத்தான போவீங்க? வண்டியில எடம் இருக்குமா? நான் முன்னால உக்காந்து வழி காட்டுறேன். அட, வழிதான் உங்களுக்குத் தெரியுமே, போயிட்டுத்தான வந்தீங்க. சரி, நான் பேசாம வர்றேன்.